கோணல் மணி டப்பா

"காலையில ரெண்டு முழுங்குறே. அதை முதல்ல ஒத்துக்கோ, அப்புறம்..."

"ஒண்ணுக்கு மேல தொட்டதே இல்லக்கா. அந்த மருந்துக் கடையில எதையோ போலியா..."

"கடைக்காரர் மேல பழி போடாதே. டாக்டரே உன்னைத்தான் சந்தேகப்..."

"டாக்டருக்கு அந்தச் சந்தேகத்தை ஏத்திவிட்டதே நீதானே."

மாடிப்படியிலேயே தொடங்கிவிட்ட சண்டை அது. கதவைத் திறந்த கண்டக்டரைத் தாண்டி உள்ளே வந்து, நாற்காலிகளில் உட்கார்ந்த பிறகும் ஓயவில்லை. நிதானமாகச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். இரண்டு பெண்களும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். "அம்மா இல்லீங்களா?" என்றாள் மூத்தவள்.

அம்மா இருந்தார். அரசாங்க மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் மருந்துகளைக் கரைத்தும் காய்ச்சியும் பார்த்தே தலை நரைத்து, ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் லேப் அம்மா. மாத்திரையின் நிறம் மாறியிருந்தாலும், தூக்க மருந்து தூக்கம் தராவிட்டாலும் இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கண்டக்டர் அவருடைய கணவர். பஸ்ஸில் ஏறுகிறவன் டிக்கெட் எடுப்பானா மாட்டானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடக் கூடிய மனிதர். ஆனால் யார் கேட்டார்கள்? ஓய்வு பெற்ற நாளிலிருந்து தெருவில் அவர் 'லேப் அம்மா வீட்டுக்காரர்'. அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் காலில் நெருஞ்சி தைத்த மாதிரி இருக்கும். இருந்தாலும் ஒரு வழக்கு வந்துவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் வாசலில் நிற்பவரும் அவர்தான்.

லேப் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாரையும் அடக்கவில்லை. இருவருக்கும் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டு, இளையவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றார்.

அக்காவும் தங்கையும் மேடை உடைகளுக்கு மணி வேலை செய்யும் பட்டறையில் இருக்கிறார்கள். விளக்கு பட்டால் தகதகக்க வேண்டிய உடைகளில் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தைப்பது வேலை. இளையவளுக்குக் கை பொன், தலை காற்று. அவள் போடும் வடிவம் யாருக்கும் வராது. ஆனால் ஆரம்பித்த எதையும் அவள் முடித்ததில்லை. தன் சட்டைக் கழுத்தில் ஊசியைக் குத்திவிட்டு மேஜை முழுக்க அதைத் தேடுவாள். அவள் தொலைத்ததைக் கண்டுபிடிப்பதும் பாதியில் விட்டதை முடிப்பதும் மூத்தவளின் வேலையாக இருந்தது. போன வருஷம் ஒரு டாக்டர், இது சோம்பலும் இல்லை திமிரும் இல்லை, கவனக் குறைபாடு என்று சொல்லி ஒரு மருந்து எழுதினார். மிகச் சிறிய அளவில் தொடங்கி, நாடியையும் தூக்கத்தையும் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாக ஏற்றி, சரியான இடத்தில் நிறுத்தினார். தினம் காலையில் ஒரு கேப்ஸ்யூல். இளையவள் எடுத்ததை முடிக்கிறவள் ஆனாள். பட்டறை முதலாளியம்மா ஒரு பெரிய பாடகியின் உடைக்கு மார்புப் பகுதியை இந்த முறை அவளிடம் கொடுத்தார். வேலையிலேயே கௌரவமான பகுதி அது. இதுவரை மூத்தவளைத் தவிர வேறு யார் கைக்கும் போனதில்லை.

"அதுக்கப்புறம்தான்மா இப்படி ஆச்சு" என்றாள் இளையவள். "ஒரு நாள் காலையில குதிரை மாதிரி ஓடுறேன். நெஞ்சு படபடன்னு அடிக்குது. மத்தியானம் ஆனா யாரோ ஸ்விட்சை அணைச்ச மாதிரி விழுந்துடறேன். இன்னொரு நாள் காலையெல்லாம் மந்தம், ஊசியில நூல் கோக்க வராது. சாயங்காலம்தான் தெளியும், அப்புறம் தூக்கமே வராது."

"ரெண்டுக்கும் நடுவுல, சாதாரணமா ஒரு நாள்?"

அவள் யோசித்தாள். "இல்லம்மா. இந்தக் கொஞ்ச வாரமா ஒரு நாள்கூட இல்ல."

குதிரை ஓடின ஒரு காலையில்தான் டாக்டர் அவள் நாடியைப் பிடித்திருக்கிறார். இது சிலர் இஷ்டத்துக்கு அதிகமாகத் தின்று பாழாகிற மருந்து. கூட வந்த அக்கா, இவள் இரண்டு எடுக்கிறாள் போலிருக்கிறது என்று மெல்லச் சொல்ல, அவருக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்த முறை வரும்போது சரியான காரணம் தெரியாவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருந்து நின்றால் அந்த மார்புப் பகுதி முடியாது. அது முடியாவிட்டால் இனி யாரும் அவளை நம்பி ஒரு பொத்தானைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"ஒரு வருஷமாத்தான்மா நான் மனுஷியா இருக்கேன்" என்றாள். "திரும்ப அந்தப் பழைய ஆளா ஆகறதுக்கு எனக்குப் பயமா இருக்கு."

மருந்து பாட்டில் எங்கே இருக்கும் என்று லேப் அம்மா கேட்டார். பட்டறையில், மணி அலமாரியில். வீட்டில் வைத்தால் புருஷன் தூக்கிப் போட்டுவிடுகிறான், ஏற்கெனவே ஒருமுறை குப்பையில் போட்டுவிட்டான் என்றாள். கண்டக்டருக்கு மூக்கில் வியர்த்தது. அலமாரியின் சாவி அக்கா தங்கை இருவரிடமும் உண்டு, வேலை நேரத்தில் அது திறந்துதான் கிடக்கும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவான்.

"மருந்தைப் பத்தி டாக்டர் என்ன விளக்கினார்?"

"நான் ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தேன். அக்காதான் கேட்டுக்கிட்டா. எப்பவும் அக்காதான் எனக்காகக் கேட்டுக்குவா."

"கடிக்கக் கூடாது, திறக்கக் கூடாது, முழுசா முழுங்கணும்னார்" என்றாள் மூத்தவள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இவ நல்லதுக்குத்தான் நான் கூடவே வரேன்மா. இவ தனியா வந்திருந்தா உங்க வீட்டுக்கு வழியைத் தொலைச்சிருப்பா" என்றாள்.

இளையவள் கையோடு எடுத்து வந்திருந்த பாட்டிலிலிருந்து சில கேப்ஸ்யூல்களை வாங்கிக்கொண்டு லேப் அம்மா அவர்களை அனுப்பிவைத்தார். கதவு சாத்தியதும் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். "தூங்கவிடாத மருந்தைக் கொடுத்து ஒருத்தியை நிதானமாக்குறதா? எரியற வீட்டுல எண்ணெய் ஊத்தற மாதிரி இல்ல?"

"உங்க பஸ்ஸையே எடுத்துக்கோங்க. ஆள் ஏறறதுக்குள்ள கதவைச் சாத்திட்டுக் கிளம்பினா?"

"பாதி ஜனம் ரோட்டுல நின்னு கத்தும்."

"அவ மூளையில அதுதான் நடக்குது. ஒரு நரம்பு செய்தியை வெளியே விடும். பக்கத்து நரம்பு வாங்கறதுக்குள்ள, விட்ட நரம்பே அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். இந்த மருந்து கதவைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சிருக்கும். ஆள் ஏறிட்டா சத்தம் அடங்கிடும். அளவு மீறினா கதவு மூடவே மூடாது. வண்டி நின்ன இடத்துலயே உறுமும், நாடி ஓடும், தூக்கம் போகும். ஒவ்வொருத்தர் கதவும் ஒவ்வொரு மாதிரி. உடம்பு எடையை மட்டும் பார்த்து அளவு சொல்ல முடியாது. அதான் கொஞ்சத்துல ஆரம்பிச்சுப் படிப்படியா ஏத்தறாங்க."

விளக்கத்துக்குள் தன் பஸ் நுழைந்துவிட்டதில் கண்டக்டருக்குச் சற்று திருப்தி. அந்தத் திருப்தி, அந்தக் கேப்ஸ்யூல்களில் சிலதைப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்த லேப் அம்மாவின் பழைய மாணவி போன் செய்யும்வரை இருந்தது. மருந்து அசல். அளவும் சீட்டில் போட்டிருக்கிற அளவுதான், எந்தக் கேப்ஸ்யூலிலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, கம்பெனி சீல் உடைக்காத புது பாட்டில் ஒன்றையும் அனுப்பி வைத்தாள்.

"அப்ப கடைக்காரர் யோக்கியன்" என்றார் கண்டக்டர். "பொண்ணு ரெண்டு முழுங்குறா."

"ரெண்டு முழுங்கினா பாட்டில் சீக்கிரம் காலியாகும், ஆகல. அப்படியே முழுங்கினாலும், காலையில தூங்கி வழியற நாள் எப்படி வரும்? வாங்க, பட்டறையைப் பார்ப்போம்."

பட்டறை பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. நீள மேஜைகள், பெரிய ஜன்னல்கள், கறுப்பு வெல்வெட் விரித்த தட்டுகள். இளையவளின் இடத்தில் எல்லா மணிகளும் ஒரே கிண்ணத்தில் கலந்து கிடந்தன. ஊசி நுனியால் அந்தக் குழப்பத்துக்குள் குத்தி, வேண்டியதை மட்டும் மீன் பிடிப்பதுபோல எடுத்தாள். மார்புப் பகுதியில் ஒரு பறவையின் கழுத்து பாதி முடிந்திருந்தது. கண்டக்டர் தன்னை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூத்தவளின் இடம் வேறு உலகம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் பித்தளைச் சல்லடைகள், அளவுவாரியாகப் பிரித்த மணிக் கிண்ணங்கள், நூலுக்குப் பூசும் மெழுகுக் கட்டி. எந்த வேலையானாலும் முதலில் சலித்துப் பிரித்தால்தான் அவளுக்குக் கை ஓடும் என்று பக்கத்துப் பெண் சிரித்தாள். பேசிக்கொண்டே மூத்தவள் தட்டிலிருந்து ஒரு மணியைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டாள். உடைந்தது, ஒட்டிப் பிறந்தது, ஓரம் சாய்ந்தது எல்லாம் அந்தக் கோணல் மணி டப்பாவுக்குப் போகும். "ஒரு கோணல் மணி போதும்மா, ஒரு வரிசையையே சாய்ச்சிடும்" என்றாள். எதிர் மேஜையில் ஒருத்தி தட்டை நகர்த்த, இவள் இருந்த இடத்திலிருந்தே, "அந்த நீலத்துல வேற சைஸ் நம்பர் ஒண்ணு கலந்திருக்கு பாரு" என்று குரல் கொடுத்தாள். போய்ப் பார்த்தால் கலந்துதான் இருந்தது.

அதற்குள் லிஃப்ட் மெக்கானிக் சாப்பாட்டுடன் வந்தான். கண்டக்டர் அவனைப் படிக்கட்டுப் பக்கம் ஓரங்கட்டினார். இந்த ஒரு விசாரணையாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று அவருக்கு.

அவன் எதையும் மறைக்கவில்லை. முன்பெல்லாம் வேலை விட்டுப் போகும் வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வருவாள், நடுவில் எங்கே ஆரம்பித்தோம் என்றே தெரியாது, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்றான். இப்போது ஊசியைப் பார்க்கிறாள், துணியைப் பார்க்கிறாள். "அந்த மாத்திரை வந்ததுலேர்ந்து வீட்டுல மூணாவதா ஒரு ஆள் இருக்கற மாதிரி இருக்கு சார். அந்த ஆள்கிட்டதான் அவ ஒழுங்கா நடந்துக்குறா."

கண்டக்டர் வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்ததும் வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்தார். "புருஷன்தான். மாத்திரை மேல பொறாமை. ஏற்கெனவே ஒரு தடவை குப்பையில போட்டவன். வேற என்ன வேணும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?"

"ஏன் செய்வான்னு சொல்லிட்டீங்க. எப்படிச் செஞ்சான்?"

அது அவரிடம் இல்லை. லேப் அம்மா மேஜையில் கறுப்புக் காகிதத்தை விரித்தார். மாணவி அனுப்பிய புதுக் கேப்ஸ்யூலை ஒரு பக்கமும், இளையவளுடைய இரண்டைத் தனித்தனியாக இன்னொரு பக்கமும் திறந்து கொட்டினார். எல்லாம் வெள்ளை உருண்டைகள், கடுகில் பாதி இருக்கும். பூதக்கண்ணாடியைக் கணவரிடம் கொடுத்தார்.

கண்டக்டர் ஆற அமரப் பார்த்தார். புதிய கேப்ஸ்யூலில் பெரிசும் சிறிசுமாகக் கலந்து கிடந்தன. இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்று, பல் உடைந்த மாதிரி ஒன்று. இளையவளுடையதில் ஒரு குறையும் இல்லை. இந்தக் குவியலில் எல்லாம் சிறிசு, அந்தக் குவியலில் எல்லாம் பெரிசு. அணிவகுப்புக்கு நிற்கும் சிப்பாய்கள் மாதிரி இருந்தன. "இதுதான் ஒசத்திச் சரக்கு" என்றார். "கம்பெனிக்காரன் அனுப்பினதுதான் மட்டம்."

"ஆமாங்க" என்றார் லேப் அம்மா. "அதுதான் தப்பு." அதற்கு மேல் சொல்லவில்லை. கண்டக்டருக்கு வயிறு எரிந்தது. தன் கண்ணால் பார்த்ததை வைத்து இன்னொருத்தர் கண்டுபிடிப்பதைப் போல ஒரு எரிச்சல் உலகத்தில் வேறு இல்லை.

மறுநாள் மற்றவர்கள் கிளம்பிய பிறகு, ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்போதே, பட்டறையில் ஐந்து பேர் கூடினார்கள். மூன்று வெல்வெட் தட்டுகளில் அந்த மூன்று குவியல்களும் இருந்தன. பக்கத்தில் வினிகர் ஊற்றிய இரண்டு கண்ணாடித் தம்ளர்கள்.

"இந்த மூணுக்கும் ஏதாவது வித்தியாசம் தெரியுதா? எனக்குக் கண் அவ்வளவு சரியில்ல" என்றார் லேப் அம்மா.

மெக்கானிக் குனிந்து பார்த்தான். "எல்லாம் வெள்ளைத் தூளாத்தான் தெரியுது."

இளையவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். "இது கலப்படம், ரெண்டு அளவு இருக்கு, ஒட்டினதும் இருக்கு. இது பூரா சின்னது. அது பூரா பெரிசு. என்னம்மா இது?"

"நீ சொல்லும்மா" என்று லேப் அம்மா மூத்தவள் பக்கம் திரும்பினார்.

மூத்தவள் தட்டுகளைப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். "எல்லாம் ஒண்ணுதான்" என்றாள்.

இளையவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் கிடக்கிற மணியின் நம்பரை இங்கிருந்தே சொல்கிறவள் அவள்.

லேப் அம்மா குரலை உயர்த்தவில்லை. சின்ன உருண்டைகளில் சிலவற்றை ஒரு தம்ளரிலும், பெரியவற்றில் சிலவற்றை மற்றதிலும் போட்டார். "கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் பேசிட்டிருப்போம். ஒரே கேப்ஸ்யூல் எப்படி நாள் முழுக்க வேலை செய்யுது? உள்ள ரெண்டு விதமான உருண்டை இருக்கு. ரெண்டுலயும் மருந்து ஒண்ணுதான். ஆனா பாதி உருண்டைங்களுக்கு மேல இன்னொரு தோல் போர்த்தியிருப்பாங்க. வயித்துல இருக்கற புளிப்புல அந்தத் தோல் கரையாது. குடலுக்குப் போன பிறகுதான் கரையும். தோல் இல்லாத சின்னது காலைக்கு. தோல் போர்த்தின பெரிசு மத்தியானத்துக்கு. ஒண்ணு இறங்கறப்ப இன்னொண்ணு ஏறும். டப்பா மேல போட்டிருக்கிற அளவு ரெண்டு பாதியும் சேர்ந்த மொத்தம். டாக்டர் படிப்படியா ஏத்தினது அந்த மொத்தத்தை மட்டும் இல்ல, அது ரெண்டு தவணையா வர்றதையும் சேர்த்து."

தம்ளர்களை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்திவிட்டு லேப் அம்மா தொடர்ந்தார். "யாரோ ரெண்டு கேப்ஸ்யூலைத் திறந்து, ஒண்ணாக் கொட்டி, சலிச்சு, சின்னதையெல்லாம் ஒரு கூட்டுலயும் பெரிசையெல்லாம் இன்னொரு கூட்டுலயும் போட்டு மூடியிருக்காங்க. எதையும் எடுக்கல, எதையும் சேர்க்கல. அதனால மொத்தத்தை அளந்த லேபுக்கு ஒண்ணும் தெரியல. சின்னது மட்டும் போன நாள்ல, ரெண்டு தவணை மருந்தும் காலையிலேயே ஏறிச்சு. அதுதான் அந்தப் படபடப்பு. இவளுக்கு நெஞ்சுல வேற ஏதாவது கோளாறு இருந்திருந்தா, விளையாட்டு அங்கேயே முடிஞ்சிருக்கும். பெரிசு மட்டும் போன நாள்ல, காலையில ஒண்ணுமே இல்ல. எல்லாம் மத்தியானத்துக்கு மேல வந்து தூக்கத்தைக் கெடுத்துச்சு. அதனாலதான் நடுவுல ஒரு சாதாரண நாள்கூட இல்ல."

முதல் தம்ளரில் உருண்டைகள் கரைந்து வினிகர் கலங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் உருண்டைகள் போட்டபடியே அடியில் கிடந்தன.

மெக்கானிக் மேஜையிலிருந்து பின்னுக்கு நகர்ந்தான். "நான் இல்லம்மா. கோவத்துல தூக்கிப் போட்டேன், நிஜம். அந்த உருண்டையில பெரிசு சிறிசு இருக்குன்னே எனக்கு இப்பத்தான்..."

"தெரியும் தம்பி. உன் கண்ணுக்கு அது தூள். பிரிச்சவங்களுக்குச் சல்லடை இருக்கணும், அந்த அளவைப் பார்க்கிற கண்ணும் இருக்கணும். ரெண்டு பேருக்குக் கண் இருக்கு. ஒருத்தி பார்த்ததைப் பார்த்தேன்னு சொன்னா. ஒருத்தி பார்க்கலன்னு சொன்னா." லேப் அம்மா இளையவளின் குவியல்களைச் சுட்டினார். "இன்னொண்ணும் இருக்கு. கம்பெனி மருந்துல உடைஞ்சது, ஒட்டினது எப்பவும் ரெண்டு மூணு இருக்கும். அதை யாரும் பொறுக்க மாட்டாங்க. இவ கேப்ஸ்யூல்ல ஒண்ணுகூட இல்ல. கெடுதல் பண்ண உட்கார்ந்த நேரத்துலகூட, கோணலைக் கண்டா ஒதுக்காம இருக்க முடியாத ஒரு கை அது. என்னங்க, அந்த டப்பாவைக் கொஞ்சம் கொட்டுங்க."

கண்டக்டர் கோணல் மணி டப்பாவை வெல்வெட்டில் கவிழ்த்தார். சிவப்பு, நீலம், பொன் என்று உடைந்த கண்ணாடிகள் உருண்டன. அவற்றுக்கு நடுவே, துளை இல்லாத வெள்ளைத் துணுக்குகள். ஒட்டிப் பிறந்தவை, பல் உடைந்தவை.

இளையவள் அவற்றில் ஒன்றை ஊசி நுனியால் தள்ளிப் பார்த்தாள். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எப்படின்னு சொல்லிட்டேன்" என்றார் லேப் அம்மா. "ஏன்னுதான் எனக்குப் புரியல. ஒரு மார்புப் பகுதிக்காகவா? கூடப் பிறந்தவளுக்கு இப்படியா?"

"அது உனக்குப் புரியாதும்மா" என்றார் கண்டக்டர்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். முதல் தடவையாக யாரும் அவர் தோளுக்கு மேலாகப் பார்க்கவில்லை.

"மார்புப் பகுதி எல்லாம் அப்புறம்" என்றார் அவர், மூத்தவளை நேராகப் பார்க்காமல். "ஒருத்தர் நம்மளைத் தேடிட்டே இருந்தாங்க. அது எங்கே, இது எங்கேன்னு. திடீர்னு ஒரு நாள் தேடல. எல்லாம் அவங்களே பார்த்துக்குறாங்க. நல்லாத்தான் இருக்காங்க. நாம சந்தோஷப்படணும். ஊர் பூரா சந்தோஷப்படுது. நமக்கு மட்டும் சோறு இறங்காது. இந்தம்மாவுக்குத் தங்கச்சி கெட்டுப் போகணும்னு ஆசை இல்ல. தங்கச்சிக்கு இவங்க தேவைப்படணும்னு ஆசை."

லேப் அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. கொட்டிக் கிடந்த கோணல் மணிகளைத் திரும்ப டப்பாவுக்குள் தள்ளிக்கொண்டே சொன்னாள். முதலில் ஒன்றைத் திறந்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. தான் இத்தனை வருஷம் செய்ததை இந்த மருந்து ஒரே வருஷத்தில் செய்துவிட்டதே, அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தாள். கொட்டினால் இரண்டு அளவு. கை தானாகச் சல்லடையை எடுத்துவிட்டது. இன்னொன்றையும் திறந்து பிரித்து முடித்து இரண்டு குவியலையும் பார்த்தபோது, டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. உருண்டைகளில் காலைக்கு ஒரு பாதி, மத்தியானத்துக்கு ஒரு பாதி. தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்காகக் கேட்டு வைத்துக்கொண்டது.

"அப்பவே திரும்பக் கலந்து போட்டிருக்கலாம்" என்றாள். "கலக்க மனசு வரல. மறுநாள் மத்தியானம் இவ துவண்டு போய், அக்கா என் கத்தரிக்கோல் எங்கேன்னு கேட்டா. ஒரு வருஷத்துக்கு அப்புறம் கேட்டா. இவ மடியிலதான் இருந்துச்சு. எடுத்துக் கொடுத்தேன். அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல" என்றாள்.

டாக்டரிடம் தானே வந்து எல்லாவற்றையும் விளக்குவதாக லேப் அம்மா சொன்னார். மருந்து நிற்காது. இந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டுப் புதியது வாங்க வேண்டும், அதுவரை ஒன்றும் எடுக்கக் கூடாது, புதியது வந்த பிறகும் சில நாள் நாடி பார்க்க வேண்டும் என்றார். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாட்டில் இனி வீட்டிலேயே இருக்கட்டும், தொட மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னான். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் அக்காவுக்கு எதிரில் போய் நின்றாள். திட்டப்போகிறாள் என்று கண்டக்டர் நினைத்தார். அவளுடைய பழைய வேகமும் குரலில் இல்லை, மருந்து தந்த நிதானமும் இல்லை.

"காலையில குதிரை மாதிரி ஓடினப்பவும் பக்கத்துலதான் இருந்தே. ராத்திரி தூங்காம உனக்கு போன் பண்ணினப்பவும் எடுத்துப் பேசினே. நல்லா இருந்த அந்த ஒரு வருஷமும் கூடவேதான் இருந்தே. அதுல எந்த நாள்லக்கா நான் உனக்குப் பிடிச்சவளா இருந்தேன்?"